ரெண்டு மணியில் ஒட்டிய குமிழ்

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழே வாங்க. நீங்க ஜெபசிங் சார்தானே, கீலேயாத் இசைக்குழு? அவர் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு வருவீங்க என்றார், நீங்க மூன்று மணிக்கே வந்துவிட்டீங்க. அவர் இன்னும் பால் சொசைட்டியில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்று மாடு பால் கொடுக்காமல் இருக்குமா. ஃபோன் போட்டுவிட்டேன். கடைசி வண்டிப் பாலைச் சோதித்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றார். அரை மணி நேரம் ஆகும்.

காபி குடிங்க. கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம், பாப்பா தூங்குகிறாள். பதினாலு மாதம். ஜோவிட்டா என்று பேர். இல்லை சார், உடம்புக்கு ஒன்றும் இல்லை. சும்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், பழக்கம். எனக்குப் பயம் எல்லாம் கிடையாது. கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள் நான். சிஸ்டர்கள் எங்களுக்கு அவர்களைத் தவிர வேறு எதற்கும் பயப்படக் கற்றுக்கொடுக்கவில்லை.

நீங்க எதற்கு வந்திருக்கீங்க என்று எனக்குத் தெரியும். அவரை முழு நேரமாகக் கூப்பிட வந்திருக்கீங்க. மாதத்தில் இருபது நாள் வெளியூர், கன்வென்ஷன், கல்யாணம், வருஷத்தில் ஒரு தரம் துபாய். நீங்க வேறு சபை, நாங்கள் ஆர்.சி., அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. கிட்டாருக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. நான் குறுக்கே நிற்கிற ஆளும் இல்லை. ஆனால் கூட்டிக்கொண்டு போக வருகிறவரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் இல்லையா. இது புறணி இல்லை சார். புறணி பேசுவது எனக்கு அறவே பிடிக்காது. இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு மற்றவர்களைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை.

நீங்க கிறிஸ்துமஸ் வீடியோவைப் பார்த்துத்தானே அவரைக் கூப்பிட்டீங்க. எங்கள் கோவில் கொயர், அவர் சிவப்புச் சட்டையில் நிற்பார், அதுதானே. அதில் அவருடைய கிட்டார் எப்படி இருந்தது? மெதுவான இடத்தில் பால் மாதிரி இருக்கும், அப்புறம் ஒரு மிதி மிதிப்பார், கரகரவென்று எழும்பும், ஆனால் அடியில் கனம் கொஞ்சமும் குறையாது. அதைக் கேட்டுத்தான் நீங்க மயங்கினீங்க. அவரிடம் ஃபோனில் அப்படித்தான் சொன்னீங்களாம், "பிரதர், உங்க லோ அபாரம்" என்று. ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்க வைத்தார். அன்றைக்கு ராத்திரி மூன்று தோசை கூடச் சாப்பிட்டார்.

அந்த லோ, அந்த அடிக்கனம் இருக்கிறது பாருங்க, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

போன ஜூன் மாதம் அந்தப் பெட்டி வந்தது. சென்னையில் யாரோ விற்றது. ப்ரீ-ஆம்ப் என்று பேர். உங்களுக்குத் தெரியாததா, கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற பெட்டி. அதில் ரெண்டு சேனல். ஒன்று கிளீன், சுத்தமான சத்தம். இன்னொன்று டிரைவ், கரகரப்பு. ஆனால் அடிக்கனத்தைக் கூட்டிக் குறைக்கிற பேஸ் குமிழ் ஒன்றே ஒன்று. ரெண்டு சேனலுக்கும் அதே குமிழ்தான். அங்கேதான் எங்கள் குடும்பம் மாட்டிக்கொண்டது.

கிளீனுக்குப் பொருத்தமாக அந்தக் குமிழை வைத்தால் டிரைவ் மிதிக்கும்போது அடியே இருக்காது. தகர டப்பாவில் கடலை வறுக்கிற சத்தம். சரி என்று டிரைவுக்காகக் கூட்டினால் கிளீன் கிணற்றுக்குள்ளே இருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும். டிரைவில் அடிக்கனம் நிறையப் போனால் சத்தம் கூழாகிவிடுமாம், அதனால் பெட்டி செய்கிறவனே அதை முன்கூட்டியே வெட்டிவிடுகிறானாம். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவரிடமும் சொன்னேன். "உனக்கு என்னடீ தெரியும், இதெல்லாம் காது சம்பந்தப்பட்ட விஷயம்" என்றார்.

காது. கேளுங்க சார். ஒரு சொட்டுப் பாலை நாக்கில் வைத்தால் போதும், எந்த ஊர் கேனில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். பால்காரர்கள் அவரைக் கண்டால் கும்பிடுவார்கள், போன பிறகு திட்டுவார்கள். அந்த நாக்கை நான் குறை சொல்ல மாட்டேன். காதைப் பற்றி மட்டும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்க.

என்னுடைய நெயில் பாலிஷை எடுத்துப் பெட்டியில் புள்ளி வைத்தார். பதினொரு மணி இடத்தில் ஒன்று, கிளீனுக்கு. மூன்று மணி இடத்தில் ஒன்று, டிரைவுக்கு. கடிகாரம் மாதிரித்தான் அவர்கள் குமிழைச் சொல்வார்கள், பத்து மணியில் வை, ரெண்டு மணியில் வை என்று. சரி, புள்ளி வைத்தாயிற்று. பாட்டுக்கு நடுவில் யார் திருப்புவது? இவரேதான் குனிந்து திருப்ப வேண்டும்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள். கோவில் நிறையக் கூட்டம். வானவர் கீதம் பாடுகிறார்கள், எல்லோரும் நிற்கிறார்கள். நிற்க வேண்டிய பாட்டு அது. இவர் டிரைவ் மிதிக்கப் போகிறார், அதற்கு முன்னால் குமிழைத் திருப்ப வேண்டும், பேன்ட் இறுக்கம், குனிய முடியவில்லை. பொத்தென்று முழங்காலில் விழுந்தார். முன் வரிசைப் பெண்கள் பார்த்தார்கள். கொயர்காரரே மண்டி போடுகிறார் என்றால் நமக்குத்தான் ஏதோ மறந்துவிட்டது என்று அவர்களும் மண்டி போட்டார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை. அப்புறம் ஆண்கள் பக்கம். வானவர் கீதத்துக்குப் பாதிக் கோவில் முழங்காலில். பீடத்தில் ஃபாதர் கையை விரித்தபடி நிற்கிறார், இறக்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பாட்டின் அடுத்த வரியில் கிளீன் வர வேண்டும், இவர் மறுபடி குமிழைத் திருப்பிவிட்டு எழுந்தார். ஜனங்களும் எழுந்தார்கள். மறுபடி டிரைவ். மறுபடி எல்லோரும் கீழே.

வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? "பார்த்தியா ஜெர்லின், என் டிரைவ் சத்தம் கேட்டதும் ஜனங்க எப்படி உருகி மண்டி போட்டாங்க."

 கணவர் சந்தோஷத்தைக் கெடுக்கிற ஆள் நான் இல்லை.

ஆனால் ஃபாதர் கூப்பிட்டு, பூசையில் குனியக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் ஹெட்ஃபோன் வந்தது. குனியாமலே ரெண்டு சேனலும் ஒத்துப்போகிற ஒரே ஒரு இடம் அந்தக் குமிழில் எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று பின்னறைக்குள் போய்விடுவார். சொசைட்டியிலிருந்து வந்ததும் உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். காதில் அந்தப் பெரிய கறுப்புக் கிண்ணங்கள் ரெண்டு. கதவைத் தட்டினால் கேட்காது. கூப்பிட்டால் கேட்காது. குக்கர் விசில் கேட்காது.

செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம் பாப்பாவுக்கு ஜுரம். ஏழு மாதம் அப்போது. மருந்து கொடுத்தேன், நெற்றியில் துணி போட்டேன். திடீரென்று கண் மேலே போனது. உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. கை இப்படி, கால் இப்படி. உதடு நீலமாக. சார், நான் அவரைக் கூப்பிட்டேன். மூன்று தரம் கூப்பிட்டேன். என் குரல் சின்னக் குரல் இல்லை, கான்வென்ட்டில் விளையாட்டு விழாவுக்கு மைக் இல்லாமல் அறிவிப்புச் சொன்னவள். பின்னறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். கிளமெண்ட் என்று பேர், என் கூடப் பிறந்தவன். பழனி ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. ஆறு நிமிஷத்தில் வந்தான். கையில் வார்னிஷ், கழுவக்கூட இல்லை. என்னையும் பாப்பாவையும் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான், எனக்குச் சொன்னானா அவனுக்குச் சொன்னானா தெரியாது. டாக்டர் பார்த்தார். ஜுரத்தில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், ஐந்து வயது வரைக்கும் மறுபடி வரலாம், வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பயப்படாதீர்கள் என்றார். வரலாம் என்று சொல்லிவிட்டுப் பயப்படாதீர்கள் என்கிறார். நன்றாகப் படித்தவர்.

அவசரப் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், அவரிடமிருந்து ஃபோன். முக்கால் மணி நேரம் கழித்து. "எங்கடீ போயிட்டே, வீடு திறந்து கிடக்கு. வந்துடுச்சு, கேட்டியா, ரெண்டு சேனலும் ஒரே மாதிரி நிக்குது." அண்ணன் என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, "மச்சான், பெரியாஸ்பத்திரிக்கு வாங்க" என்று மட்டும் சொன்னான். 

அவரும் அழுதார் சார், அதை மறைக்கக்கூடாது. பாப்பா காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாலு நாள் பின்னறைப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசித்துப் பார்த்தால், ஹெட்ஃபோனில் நின்றது அங்கே நிற்கவில்லை. மறுபடி தகர டப்பா. திங்கட்கிழமை மறுபடி காதில் கிண்ணம்.

அதனால்தான் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வேறு என்ன செய்ய? அவர் காதிலிருந்து அதைக் கழற்ற வேண்டும். வீட்டில் திறந்த காது ஒன்று வேண்டும் எனக்கு, அவ்வளவுதான். இருபது நாள் நீங்க கூட்டிப்போய்விட்டால் அதுவும் இருக்காது. பயம் என்று நினைக்காதீங்க. வீட்டில் ஆண்பிள்ளை இருப்பது ஒரு பலம் என்று சொல்கிறேன்.

அண்ணன் அதே கொயரில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். தூணுக்குப் பின்னால் நிற்பான், வீடியோவில் அவன் முழங்கை மட்டும் தெரியும். பத்து வருஷமாக வாசிக்கிறான், அவன் வாசிக்கிறான் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அக்டோபரில் கடைக்குப் போய்ச் சொன்னேன். "அண்ணே, அவர் டிரைவ் மிதிக்கிறப்போ அடியில ஒண்ணும் இல்லாமப் போகுதில்ல, அந்த இடத்துல நீ கீழே வந்து நிரப்பிடு. கிளீனுக்குத் திரும்புறப்போ நீ ஒதுங்கிடு. அவருக்குத் தெரியவே கூடாது."

அவன் காயில் சுற்றிக்கொண்டே கேட்டான், "தெரிஞ்சா என்ன?"

"தெரிஞ்சா தானே செய்யணும்னு மறுபடி உள்ளே போயிடுவார்."

"சரி" என்றான். "யார்கிட்டேயும் சொல்லாதே" என்றேன். அதற்கும் "சரி" என்றான்.

அடுத்த ஞாயிறு நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலைத் தூக்கும்போதே அண்ணனுடைய விரல் அந்தக் கனத்த கம்பிக்குப் போய்விட்டது. மிதித்த நொடியில் அடியிலிருந்து ஒரு கனம் எழும்பி வந்தது பாருங்க, பெஞ்சு அதிர்ந்தது. பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அவர் மறுபடி மிதித்துக் கிளீனுக்கு வந்ததும் அண்ணன் மேலே போய், இருக்கிறானா இல்லையா என்று தெரியாத மாதிரி ரெண்டு விரலால் தடவினான். கரகரப்பு அவருடையது, கனம் அவனுடையது. ஒட்டு தெரியவில்லை.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்குக் குமிழ் ரெண்டு மணியில் இருந்ததாம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு சொட்டுப் பசையை விட்டு அந்தக் குமிழை அங்கேயே ஒட்டிவிட்டார். இனிமேல் யாராலும் அதை அசைக்க முடியாது என்றார். நான் நெயில் பாலிஷ் புள்ளிகளைச் சுரண்டிவிட்டேன். ஹெட்ஃபோன் பரணுக்குப் போனது. சார், அதற்கப்புறம் பல மாதம் அவர் பாப்பாவோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். நான் சமையலறையில் இருந்து கூப்பிட்டால் "என்னடீ" என்று உடனே பதில் வரும். எனக்கு அதுவே போதும்.

நம்பிக்கை இல்லையென்றால் பெட்டி உள்ளேதான் இருக்கிறது, எடுத்து வருகிறேன், குமிழைத் திருப்பிப் பாருங்க. வராது. எதுவும் இல்லாத ஒரு இடத்தில் பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்.

அப்புறம் கிறிஸ்துமஸ், அந்த வீடியோ, உங்க ஃபோன். நீங்க "லோ அபாரம்" என்றதும் நடை மாறிவிட்டது. கோவிலில் மற்ற பையன்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "லோ எண்டுங்கறது குமிழ்ல இல்ல தம்பி, விரல்ல இருக்கு" என்றார். யார் விரல் என்று அவருக்குத் தெரியாது, பாவம். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி கடைசியில் ஒத்திகை. நடுவில் நிறுத்திவிட்டு எல்லோர் முன்னாலும் அண்ணனைப் பார்த்து, "மச்சான், நான் டிரைவ் போடுறப்பல்லாம் நீ என் லோ மேல ஏறி உக்கார்றே. கூழாகுது. உனக்கே கேக்கலியா?" என்றார். அண்ணன் கம்பியைக் கையால் அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினான். "குறைச்சுக்கிறேன் மச்சான்" என்றான். "குறைச்சா போதாது. கொஞ்ச நாள் நீ இல்லாமலே பார்ப்போம்" என்றார். அண்ணன் வயரைச் சுருட்டி, உறையில் போட்டு, ஃபாதருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்னைத் தாண்டித்தான் போனான். என்னை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

நான் ஏன் அப்போது எழுந்து சொல்லவில்லை என்று கேட்கிறீங்களா? எப்படிச் சொல்வது சார். சொன்னால் அந்தக் கிண்ணங்கள் பரணிலிருந்து இறங்கிவிடும். அண்ணன் புரிந்துகொள்வான். அவனுக்குக் கோபமே வராது.

அடுத்த ஞாயிறே குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த ரெண்டு வாரமும் அவருக்கு சொசைட்டியில் காலை ஷிப்ட், கோவிலுக்கு வாசிக்கப் போகவில்லை. பிறகு விபூதிப் புதன் வந்துவிட்டது. தவக்காலத்தில் எங்களுக்கு மேளமும் கிட்டாரும் கிடையாது. ஒரே ஒரு ஆர்மோனியம். நாற்பது நாள் உலகமே அவருக்கு ஒத்துழைத்தது. சாயங்காலம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "ஈஸ்டர் அன்னைக்கு அப்பாவோட லோவைக் கேளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் காலைப் பூசை. மிதித்தார். தகர டப்பா, கடலை.

ஒன்றும் புரியாமல் மறுபடி மிதித்தார், மறுபடி மிதித்தார். பெருச்சாளியை நசுக்குகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து காரணம் தேட ஆரம்பித்தார். கோவிலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், சுவர் லோவைக் குடித்துவிடுகிறது என்றார். கரண்டு ஏற்ற இறக்கம் என்றார். ஈஸ்டருக்கு வந்த கூட்டம், உடம்பெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் என்றார். கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் உடம்பில்லாமல் வந்தார்களா என்று நான் கேட்கவில்லை. பசையைக் கத்தியால் சுரண்டப் பார்த்தார், வரவில்லை. இப்போது சொசைட்டி விட்டு வந்ததும் பின்னறை. அந்தக் கிண்ணம் மறுபடி காதில்.

இதுதான் சார் உள்ளது. உங்களுக்கு வேண்டியது அந்தக் கிறிஸ்துமஸ் சத்தம் என்றால் அது இவரிடம் இல்லை. இவரை மட்டும் கூட்டிப்போனால் மேடை மேடையாகக் கடலை வறுப்பார். உங்க பேர்தான் கெடும். "பார்த்துச் சொல்கிறோம் பிரதர்" என்று நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுங்க. காரணம் சொல்ல வேண்டாம். வருத்தப்படுவார், ரெண்டு நாளில் சரியாகிவிடும். நான் இதையெல்லாம் சொன்னேன் என்று மட்டும் தெரியக்கூடாது.

ஏன் சார் சிரிக்கிறீங்க?

ஈஸ்டர் வீடியோவையும் பார்த்தீங்களா. யார் அனுப்பினது, இவரேயா? அப்ப உங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டதா.

ஆமாம், முழங்கை. ரெண்டாவது வீடியோவில் தூணுக்குப் பக்கத்தில் அந்த முழங்கை இல்லை. நல்ல கண் சார் உங்களுக்கு.

கடைக்குப் போனீங்களா? எப்போது? இங்கே வருவதற்கு முன்னாலேயா. ஞாயிற்றுக்கிழமையும் திறந்துதான் வைத்திருப்பான், பம்புசெட்டுக்காரர்கள் வருவார்கள்.

என்ன சொன்னான்?

"அதெல்லாம் மச்சானோட லோதான், நான் சும்மா பின்னாடி நின்னுட்டிருந்தேன்." அப்படியா சொன்னான். நீங்க திரும்பக் கேட்டுமா. மூன்று தரம் கேட்டுமா.

அவனை யார் அப்படிச் சொல்லச் சொன்னது. யாரிடமும் சொல்லாதே என்று நான் அக்டோபரில் சொன்னது. துரத்திவிட்ட பிறகும் அதையே பிடித்துக்கொண்டு இருப்பானா ஒருத்தன். அவனும் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. அப்படியானால் இதை உங்களுக்குச் சொன்னது.

சரி. சொன்னது சொன்னதுதான். உங்களுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது, நல்லதுதானே. இன்னொரு காபி போடட்டுமா?

ரெண்டு பேரா?

புரியவில்லை சார். ரெண்டு பேர் என்றால். இவர் ஒரு சீட், அண்ணன் ஒரு சீட்டா. ஜூன் முதல் தேதி வேன் கிளம்புகிறதா.

இருங்க சார், அவசரப்படாதீங்க. நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். பேச்சு வேகத்தில் வந்துவிடும் எனக்கு. அண்ணன் அப்படி ஒன்றும் பெரிய வாசிப்புக்காரன் இல்லை. யாரிடமும் கற்றுக்கொண்டதுகூட இல்லை. காயில் கட்டுகிறவன், மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்து எது சுருதி என்று சொல்வான், அது ஒரு திறமையா. பெஞ்சு அதிர்ந்தது என்றேனே, அந்த பெஞ்சு பழைய பெஞ்சு. அப்புறம் கடை இருக்கிறது. இங்கிருந்து ஆறு நிமிஷம். அதை மூடிவிட்டு அவனால் எப்படி வர முடியும்?

கேட்டுவிட்டீங்களா அவனை. "மச்சான் வந்தா நானும் வர்றேன்" என்றானா. கடையை மாமா பையன் பார்த்துக்கொள்வானா. என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சார், ஆனால் ஒன்று இருக்கிறது. ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. ஜனவரியிலிருந்து முகம் பார்த்துக்கொள்ளவில்லை. பாப்பாவின் பிறந்தநாளுக்கு அண்ணன் வந்து கேக்கை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனான். இவர் வீம்பு பிடித்தவர், கெஞ்சினாலும் இறங்க மாட்டார். ரெண்டு பேரையும் ஒரே வேனில் உட்கார வைக்கவே முடியாது. அதை மறந்துவிடுங்க.

வண்டிச் சத்தம். அவர்தான். சார், நான் சொன்னது எதுவும்.

வாங்க. ஆமா, அப்பவே வந்துட்டார். காபி குடுத்தேன். சும்மா பேசிட்டிருந்தோம், ஜோவிட்டாவைப் பத்தி. கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க, பால் வாசனை. அவளை எழுப்பாதீங்க.

என்னங்க, சார் என்ன சொல்றார்னு முழுசாக் கேளுங்க. உங்களைத்தான் வேணுமாம். ஆனா கூட அண்ணனும் வரணுமாம். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, இப்பவே சொல்லணும்னு இல்ல. உங்களுக்குப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு தைரியமாச் சொல்லிடுங்க. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அவ்வளவு ஆச்சே. நீங்க சொன்னதுல என்ன தப்பு, அவன் உங்க லோ மேல ஏறித்தானே.

வரட்டும்ங்கறீங்களா?

"என் லோ மேல ஏறாம வாசிச்சா வரட்டும்." அவ்வளவுதானா. மூணு மாசம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்தீங்க, அவ்வளவுதானா. "மச்சான் தங்கமான ஆளு"ங்கறீங்களா. இப்பவா தெரிஞ்சது.

சிரிக்காதீங்க சார்.

சொசைட்டிக்கு என்ன சொல்வீங்க. சம்பளமில்லா லீவா. ஒரு வருஷமா. அதையும் விசாரிச்சு வச்சிருக்கீங்களா. இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு என்ன. நான் எங்கம்மா வீட்டுக்குப் போய்க்கலாம்தான், அங்க யார் இருக்கா, அவங்களுக்கே காது கேக்காது. இல்லைங்க, சந்தோஷம்தான். முகம் அப்படித்தான் இருக்கு, வெயில்.

நானா? நீங்களே பேசுங்களேன், உங்க மச்சான்தானே. கூச்சமா இருக்கா. இவ்வளவு நாள் இல்லாத கூச்சம். சரி, குடுங்க, நானே போட்டுத் தர்றேன்.

மணி அடிக்குது. ஒரு மணிகூட முழுசா அடிக்கல, எடுத்துட்டான்.

அண்ணே, நான்தான். இல்லண்ணே. இல்ல, பாப்பா நல்லா இருக்கா. தூங்குறா. ஜுரமெல்லாம் இல்ல, இப்பத்தான் தொட்டுப் பார்த்தேன். இல்லண்ணே, நிஜமாத்தான் சொல்றேன், வண்டியை எடுக்காதே. எடுத்துட்டியா. எங்க இருக்கே, பாலத்துக்கிட்டயா. சரி, ஓரமா நிறுத்து. ஒண்ணும் ஆகலண்ணே. நிறுத்திட்டியா. இவர் உன்கிட்ட பேசணுமாம்.